அணில் பழம் தின்றால் எனக்கென்ன

நூல் தேர்வுக் குழுவுக்கும் இன்று இந்த அவைக்கும் தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்வரிசையில் முதுமையும் முறுவலுமாய் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே, மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்த முன்யோசனைக்காரர்களே, மாலை வகுப்பின் மாணவமணிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதியோர் கல்விக்கு எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது? சென்ற ஆண்டும் இதே கேள்விக்காக நம் குழு கூடியது. சிந்தித்தது. செறிவாகச் சிந்தித்தது. தேநீர் அருந்தியபின் மீண்டும் சிந்தித்தது. "அணில் பழம் தின்றது" என்று தொடங்கும் படப்புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது. குழுவில் எல்லோரும் படித்தவர்கள். படிக்க வருபவர் ஒருவரையும் நாம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்ற அச்சமாக இருக்கலாம். தலைவர் ஐயா தலையசைக்கிறார். ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த பாடம், "காலையில் எழு. பல் துலக்கு." அதை எழுத்துக்கூட்டி முடித்த லாரி ஓட்டுநர் அண்ணன் ஆசிரியையைப் பார்த்தார். "டீச்சரம்மா, எனக்கு மருமகனே வந்தாச்சு. இத்தனை வருஷமா பல்லு விளக்காமலா இருந்தேன்?" மறுநாள் அவர் வரவில்லை. மெல்ல மெல்லப் பாதி வகுப்பு வரவில்லை. அணில் மட்டும் தவறாமல் வந்தது.

பிறகு, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு சகோதரியும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா கிளம்பிட்டே?"

"அணில் பழம் தின்னா எனக்கென்ன டீச்சர்? நான் வந்ததே ஒரு தொடர்கதையைப் படிக்கத்தான்."

அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். இவர் கணவர் வேலை தேடிப் போனவர். போனவர் போனவர்தான். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையிலும் ஒரு கணவன் அப்படியே போகிறான். அதை இவருக்கு வாசித்துச் சொல்பவர் நாத்தனார். நாத்தனார் வாசிப்பில் அவன் வாரந்தோறும் மனைவியை நினைத்து உருகுகிறான், வீட்டுக்குக் கிளம்புகிறான், பஸ்ஸைத் தவறவிடுகிறான்.

"ஒருத்தன் எத்தனை பஸ்ஸைத்தான் விடுவான் டீச்சர்? அவ எதையோ மறைக்கிறா. கதையில வர்ற அந்தப் பொம்பளை என்ன ஆனான்னு நானே படிச்சுத் தெரிஞ்சுக்கணும்."

என்ன செய்தார் ஆசிரியை? அணிலை அலமாரியில் அடைத்தார். கதையைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார். குழுவின் அனுமதி பெறப்படவில்லை என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். லாரி அண்ணன் திரும்பி வந்தார். அந்தக் கணவனைத் திட்டுவதற்கென்றே வகுப்பு நிரம்பியது.

ஒரு மாலை, சகோதரி ஓர் அத்தியாயத்தைத் தாமே படித்து முடித்தார். அவன் எந்தப் பஸ்ஸையும் விடவில்லை. கிளம்பவே இல்லை. வேறு ஊரில் வேறு குடும்பம். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல் கடை திறக்கிறாள்.

வீடு திரும்பினார். நாத்தனார் பத்திரிகையோடு காத்திருந்தார்.

"அண்ணி, இந்த வாரமும் பஸ்ஸை விட்டுட்டான்."

"விடட்டும்மா. அவன் வராட்டி என்ன, நாம ரெண்டு பேரும் இருக்கோம்ல. இனிமே நான் படிக்கிறேன், நீ கேளு."

தன் அண்ணனும் அதையே செய்திருந்தது தெரிந்து, வாரந்தோறும் கதையை மாற்றி மூடி மறைத்த அந்தப் பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். நானும் இதோ ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். ஒலிபெருக்கிக்காரர் எழ வேண்டாம், கருவியில் கோளாறில்லை.

அவையோரே, எது நல்ல நூல்? எளிய எழுத்தா? இருக்கட்டும். பெரிய படமா? இருக்கட்டும். ஆனால் அவர் வயதை மதிக்கிறதா? அவர் வாழ்வைத் தொடுகிறதா? அடுத்த வரி என்ன என்று அவரை அலைக்கழிக்கிறதா? அதுவே நூல். அதைத் தேர்ந்தெடுக்கத் தகுந்தவர் யார்? வலப்பக்கம் நாத்தனாரோடு அமர்ந்திருக்கிறாரே, அவர். புதிய குழுவில் முதல் நாற்காலியை அவருக்கே தர முன்மொழிகிறேன். கைதட்டலில் தலைவர் ஐயாவின் கையும் இருப்பதைக் கண்டு மகிழ்கிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி சொல்லி, வணங்கி விடைபெறுகிறேன். அடுப்பு நினைவு உள்ளவர்கள் முதலில் கிளம்பலாம். பஸ்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள், வீட்டில் காத்திருப்பார்கள்.