தனி அட்டை

— நீ போய் அந்தப் பெஞ்சுல உக்காரு. வரிசையில நான் நிக்கிறேன்.

— அட்டை எனக்கு. நான் உக்காந்துக்கிட்டு நீங்க நின்னா ஆச்சா?

— கால் வீங்கிக்கும். என்ன சொல்றேன்னா, சாயங்காலம் படி ஏற முடியலன்னா நீ என்னைத்தான் முறைப்ப.

— வீங்கட்டும். ஏழு வருஷமா வீங்கிக்கிட்டுதான் இருக்கு. முன்னாடி ஒரு இருபது பேர்தானே?

— இருபத்தி மூணு. எண்ணிட்டேன்.

— எண்ணுவீங்க. வேற வேலை?

— வேலைக்கு லீவு போட்டுட்டுல்ல வந்திருக்கேன். சூப்பர்வைசர் கேட்டான், "உன் பொண்டாட்டிக்கும் சேத்துத்தான் கம்பெனி வைத்திய அட்டை இருக்கே, இன்னொண்ணு எதுக்கு"ன்னு.

— என்ன சொன்னீங்க?

— சட்டம் மாறிடுச்சு சார்னேன். இதுவரைக்கும் வேலை இருக்கிறவனுக்கு ஒரு ஆஸ்பத்திரி, இல்லாதவனுக்கு ஒரு ஆஸ்பத்திரி, வசதி இருக்கிறவனுக்கு எந்த ஆஸ்பத்திரி வேணும்னாலும். இனிமே எல்லாருக்கும் ஒரே அட்டை. நேத்து பொறந்த குழந்தைக்கும் தனியா ஒண்ணு. கம்பெனி கட்ட வேண்டாம், எல்லாரோட வரியிலேர்ந்தும் போகும். யாரோட பொண்டாட்டி, எங்க வேலை, எதுவும் கேக்க மாட்டாங்க.

— முன்னாடி நிக்கிறவர் வேற மாதிரி சொல்றாரு. எல்லாருக்கும் குடுத்தா ஒரு ஆபரேஷனுக்கு ஆறு மாசம் காத்துக் கிடக்கணுமாம்.

— கிடப்போம். இப்ப மட்டும் என்ன, மாலை போட்டா உள்ள கூட்டிட்டுப் போனாங்க? உன் முதல் ஊசிக்கு என்னை எத்தனை நடை நடக்க விட்டாங்க, மறந்துட்டியா? கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் செருப்பு தேஞ்சு போச்சு. மூணு தடவை கல்யாணச் சான்றிதழ் கேட்டாங்க.

— மறக்கிற விஷயமா அது? வக்கீல் ஆபீஸ்ல விவாகரத்துப் பத்திரத்தை அடிச்சு வச்சிட்டு, கல்யாணச் சான்றிதழைத் தேடி வீட்டைப் புரட்டிப் போட்டது உலகத்துலயே நாம ரெண்டு பேராத்தான் இருப்போம்.

— சிரிக்கிற.

— அழுதா மட்டும் வரிசை நகருமா?

— அன்னிக்கு வக்கீல் மேஜையில நீ பேனாவைப் பிடிக்க முடியாம நழுவ விட்ட பாரு. நீ நடிக்கிறன்னு நினைச்சேன்.

— தெரியும். உங்க மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சு.

— விரலைப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. ஒவ்வொண்ணும் பழுத்த மாதிரி செவந்து கிடந்துச்சு. அப்படியே ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி. டாக்டர் மூட்டு நோய்னு சொல்லிட்டு, அடுத்த கேள்வி என்ன கேட்டார்?

— "யாரோட அட்டை?"

— அதேதான். மாசம் ஒரு ஊசி போடலன்னா கை மடங்கிப் போயிடும்ங்கிறார். ஒரு ஊசி என் மாசச் சம்பளத்தை முழுங்கிடும்ங்கிறார். உன் தையல் கடையிலயோ மொத்தம் மூணு மிஷின், அட்டைக்கு எங்க போறது? என் கம்பெனி குடுக்கும். ஆனா மனைவியா இருந்தாத்தான் குடுக்கும்.

— "முதல்ல உடம்பு சரியாகட்டும், கையெழுத்தை அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னீங்க.

— அது சரியாகிற வியாதி இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— நகருங்க, வரிசை நகருது.

— உன் அக்கா வீட்டு மாடி ரூம் என்ன ஆச்சு?

— வெள்ளையடிச்சுட்டாளாம். ஜன்னலுக்குக் கொசுவலை மட்டும் பாக்கி. இந்த அட்டை வந்ததும் வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

— காலையில உனக்கு விரல் மடங்காதுன்னு சொல்லிட்டியா? தலை பின்னி விடணும்னு?

— சொல்லிட்டேன். அவ பின்னுறது பின்னல். நீங்க பின்னுறது கேபிள் முறுக்குறது.

— ஏழு வருஷத்துல ஒரு நாளாவது அவிழ்ந்திருக்கா?

— இல்ல.

— பின்ன?

— அவிழ்க்கத்தான் அரை மணி நேரம் ஆகும்.

— பேச்சுக்குக் குறைச்சல் இல்ல.

— நீங்களும் அந்தப் பெயின்ட் செக்‌ஷனை விட்டுத் தொலைங்க. நெஞ்சு முழுக்கப் புகை. உங்க சிநேகிதர் ஒல்லியன் மறுபடியும் கூப்பிட்டாராமே?

— கூப்பிட்டான். சைக்கிள் கடையை அவன் ஒருத்தனால சமாளிக்க முடியல. கூட்டாளியா வந்துடுங்கிறான். இதோட மூணாவது தடவை. முன்ன ரெண்டு தடவையும் "என் பொண்டாட்டி ஊசி நின்னு போயிடும்டா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். இன்னிக்கு உன் அட்டை கைக்கு வரட்டும். நாளைக்கே கம்பெனிக்கு ஒரு கும்பிடு.

— ம்.

— இன்னொண்ணும் சொல்லணும். தப்பா எடுத்துக்காத.

— சொல்லுங்க.

— நீ ஊசிக்காகத்தான் என்கூட இருக்கன்னு எனக்குத் தெரியும். ஒரு நாளும் சொல்லிக் காட்டினது இல்ல.

— இல்ல. ஒரு தடவைகூட இல்ல.

— ஆனா உள்ளுக்குள்ள அரிக்கும். காலையில நீ டீ கொண்டுவந்து வைப்ப. இது எனக்கா, இல்ல என் கம்பெனி அட்டைக்கான்னு தோணும். குடிச்சிடுவேன். இருந்தாலும் தோணும். அதான் சட்டம் வந்ததும் முதல் நாளே உன்னை இழுத்துட்டு வந்தேன். யாரும் யாரையும் ஊசிக்காகச் சகிச்சுக்க வேண்டாம் பாரு.

— கவுன்டர்ல அந்தம்மா கூப்பிடுறாங்க, வாங்க.

— அடுத்து யாரு? வாங்கம்மா. அடையாள அட்டையைக் குடுங்க. உங்க கூட வந்தவரா? சார், கண்ணாடி மேல கை வைக்காதீங்க.

— மேடம், இவங்களுக்குப் புது அட்டை போடணும். தனியா. என் பேரு எங்கயும் வேண்டாம்.

— ஒரு நிமிஷம். ஏம்மா, நீங்க எதுக்கு இந்த வெயில்ல வரிசையில நின்னீங்க? உங்களுக்குத்தான் அட்டை இருக்கே.

— அது என் கம்பெனி அட்டை மேடம். என் மனைவிங்கிறதால குடுத்தது.

— அது இல்ல சார். அரசாங்க அட்டை, தனி அட்டை. இந்தத் திட்டம் இன்னிக்கு ஆரம்பிச்சது இல்ல. தீராத நோய் இருக்கிறவங்களுக்கு மட்டும் மூணு வருஷம் முன்னாடியே முதல் கட்டமா குடுத்தோம். மத்தவங்களுக்குத்தான் இப்ப.

— மேடம், உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு இருக்கு.

— நான் சொன்னா தப்பு இருக்கலாம் சார். கம்ப்யூட்டர் தேதியோட சொல்லுது. அம்மா நேர்ல வந்து வாங்கியிருக்காங்க. அதுலேர்ந்து மாசாமாசம் ஊசி இந்த அட்டையிலதான் போகுது. முப்பத்தாறு ஊசி.

— அப்ப என் கம்பெனி அட்டை?

— மூணு வருஷமா யாரும் அதைத் தொடவே இல்ல.

— ஏய்... இவங்க என்ன சொல்றாங்க?

— சரியாத்தான் சொல்றாங்க.

— சார், பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. அம்மாவை அந்தப் பெஞ்சுல உக்கார வச்சுப் பேசுங்க. தண்ணி அங்கேயே இருக்கு, ரெண்டு பேரும் குடிங்க.

— உக்காரு. கையைக் குடு, மெதுவா. ம். இப்ப சொல்லு. மூணு வருஷமா?

— மூணு வருஷமா. ஊசி போடுற நர்ஸுதான் சொன்னாங்க, இப்படி ஒண்ணு வந்திருக்குன்னு. நீங்க டியூட்டியில இருந்தீங்க. நானே வந்து வாங்கிட்டேன்.

— வாங்கிட்டு?

— தையல் மிஷின் டிராயர்ல வச்சுப் பூட்டிட்டேன்.

— நான் அங்க புகைக்குள்ள நின்னுட்டு இருக்கேன். இருமி இருமி விலா எலும்பு வலிக்குது. விட்டா உன் ஊசி நின்னுடும், விட்டா உன் ஊசி நின்னுடும்னு மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே போவேன் தெரியுமா, காலையில ஷிப்டுக்கு?

— தெரியும். நீங்க இருமுறதை எல்லாம் கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தேன்.

— கேட்டுட்டும் சொல்லல.

— ஒல்லியன் ரெண்டாவது தடவை வந்துட்டுப் போன மறுநாள் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். நீங்க பின்னால நின்னு தலை பின்னிட்டு இருந்தீங்க. "ஆட்டாத, நேரா பாரு"ன்னீங்க. நேரா பாத்தேன். சொல்ல முடியல.

— ஏன்? நான் என்ன அடிச்சிடுவேனா?

— அடிச்சாக்கூடப் பரவாயில்லையே. அட்டை வந்துடுச்சு, நான் போகலாம்னு சொன்னா நீங்க நிம்மதியா ஒரு மூச்சு விடுவீங்க. அந்த மூச்சைக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல.

— அப்ப இன்னிக்கு மட்டும் எதுக்கு வந்த?

— இன்னிக்கும் இந்த வரிசையில வந்து மாட்டிப்பேன்னு தெரியும். நீங்க லீவெல்லாம் போட்டு அவ்வளவு ஆசையா கிளம்பினப்போ, எப்படி வேண்டாம்னு சொல்றது? கூடவே வந்துட்டேன்.

— கோபம் கோபமா வருது எனக்கு.

— வரணும். வராம இருந்தாத்தான் தப்பு. என் சுயநலத்துக்கு உங்க நெஞ்சுல மூணு வருஷப் புகையை ஏத்திட்டேன். மன்னிப்புக் கேக்கக்கூட எனக்கு யோக்யதை இல்ல. இன்னிக்குச் சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போயிடறேன். கொசுவலை அடிக்கலன்னா பரவாயில்ல.

— கொஞ்சம் சும்மா இரேன்.

— இல்லங்க, நான் போறதுதான்...

— சும்மா இருன்னா இரு. இந்தா, தண்ணி. ரெண்டு கையாலயும் பிடி, நழுவிடப் போகுது. நான் நாளைக்கு வேலையை விடுறேன்.

— விடுங்க. தயவுசெஞ்சு விடுங்க.

— நீ செஞ்சது பெரிய தப்பு.

— ஆமா.

— இருமும்போதெல்லாம் உன்னைத் திட்டுவேன்.

— திட்டுங்க. அக்கா வீட்டுக்கு போன் பண்ணித் திட்டுங்க.

— அவ்வளவு தூரம் எதுக்கு? போன வாரமே ஒல்லியன் கேட்டான், கடைக்குப் பின்னாடி இருக்கிற வீட்டுக்கு நான் ஒருத்தனா வர்றேனா, இல்ல ரெண்டு பேரான்னு. வாய் தவறி ரெண்டு பேர்னு சொல்லிட்டேன். இன்னும் மாத்திச் சொல்லல.