முப்பத்தேழாவது கொக்கி

— இந்த மயில் படத்தை எங்கிருந்து எடுத்தீங்க, சுரேந்தர் அண்ணா?

— கூகுள்ல கெடந்துச்சுங்க.

— வரைந்தவர் யார்? எந்த உரிமத்துல கொடுத்திருக்கார்?

— மயிலுக்கெல்லாம் லைசென்ஸ் கேட்டா மருதமலை ஏறி முருகன்கிட்டத்தான் கேக்கோணும், அம்மணி.

— சிரிக்காதீங்க. உங்க தறி டிசைன் மென்பொருளை, எல்லாருக்கும் இலவசமா போற லினக்ஸ் தொகுப்புல நான் சேர்க்கணும்னா, உள்ளே இருக்கற ஒவ்வொரு கோப்பும் யாருக்குச் சொந்தம், எந்த உரிமத்துல வருதுன்னு எழுதி, கீழே என் ஒப்பத்தை இடணும். பொய்யாயிட்டா மிஸ்பான்னு ஒருத்தி பொதி கட்டினதை இனி யாரும் நம்ப மாட்டாங்க.

— செரீங்க, மயிலைத் தூக்கிப்போடறேன். நானே ஒரு மாங்கா வரைஞ்சுக்கறேன். இதுக்கா சரவணம்பட்டியில இருந்து பெரியநாயக்கன்பாளையத்துக்கு இந்த வெயில்ல வண்டி ஓட்டியாந்தீங்க?

— இல்லைங்க. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. தறியில பூ விழ நூலைத் தூக்கற ஜக்கார்டு பெட்டிக்கு, எந்தக் கொக்கியைத் தூக்கணும்னு உத்தரவு அனுப்பற கோப்பை நீங்களேதான் எழுதினீங்களா?

— இதென்னங்க கேள்வி? எங்கூட்டுக் கொழந்தை எனக்குப் பொறந்ததான்னு கேக்கற மாதிரி!

— டிசைன் மென்பொருள் விற்கற கம்பெனி ஒண்ணு எங்க குழுவுக்கு மடல் எழுதியிருக்கு. அந்தக் கோப்பு அவங்களோடதாம். நீங்க திருடினீங்களாம்.

— அவுங்களா! கம்ப்யூட்டர்ல சொருகினாத்தான் ஓடும்னு தறிக்கு ஒரு பூட்டுச்சாவி வித்துப் பொழைக்கறவுங்க. நம்முளது சும்மா கெடைச்சா அவுங்க கடையைச் சாத்தோணும். வயித்தெரிச்சலுங்க.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். பிறகு அவங்க மென்பொருளை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தேழாவது கொக்கியை அது தூக்கறதே இல்லை. அதுக்குப் பதிலா முப்பத்தெட்டாவதைத் தூக்குது. உங்க மென்பொருளும் அதையேதான் செய்யுது. சரியா எழுதின ரெண்டு பேர் நிரல் ஒண்ணா இருக்கலாம். தவறு எப்படிங்க ஒண்ணா இருக்கும்?

— ஹஹ்ஹா! அட, அது தப்பே இல்லீங்க. சோமனூர்ல எங்கக்கா ஊட்டுத் தறியில அந்தக் கொக்கி ஒடைஞ்சது. அந்தத் தறியில வெச்சுத்தான் இதை எழுதுனேன். ஒடைஞ்சதுக்குப் பதிலா பக்கத்துக் கொக்கியை வெச்சு ஓட்டுனேன், அப்பறம் அதை மாத்த மறந்துபோட்டேன்.

— பொருத்தமான விளக்கம்தான். கொஞ்சம் அதிகமாவே பொருந்துது.

— நம்ப மாட்டீங்களா?

— எப்ப எழுதினீங்க? இணையத்துல நீங்க முதல்ல ஏத்தினது போன வருஷம். அவங்க விற்க ஆரம்பிச்சது அதுக்கும் முன்னாடி.

— ஊரடங்குல தறி நின்னப்பவே எழுதிப்போட்டனுங்க. பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போயி கேட்டவுங்களுக்கெல்லாம் போட்டுக் குடுத்தேன். ‘ஏனுங்க, நமக்கும் ஒண்ணு போட்டுக்குடுங்க’ன்னு ஒருத்தர் வந்து நின்னா, நீங்க எந்தக் கம்பெனின்னு கேக்கவா முடியும்? காப்பித்தண்ணி குடுத்து, போட்டும் குடுத்தனுப்புனேன்.

— அந்தப் பென்டிரைவ்?

— கெட்டுப்போச்சுங்க.

— உங்க பக்கத்துச் சாட்சி எல்லாமே உடையுது, இல்லைன்னா கெட்டுப்போகுது.

— இப்ப எனக்கும் ஒரு சந்தேகமுங்க. நீங்க அவுங்க அனுப்பிச்ச ஆளுதானே?

— அவங்க ஆளா இருந்தா வீட்டுல உட்கார்ந்தபடியே உங்க பொதியை நிராகரிச்சிருப்பேன். கேளுங்க அண்ணா. உங்க உரிமப்படி, உங்க நிரலை எடுத்து விற்கறவங்க மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்கணும். நீங்க சொல்றது உண்மைன்னா, திருடினது அவங்க. உடைஞ்ச கொக்கியோட அந்தத் தறியைக் காட்டுங்க. படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பிட்டு நாளைக்கே பொதியை ஏத்தறேன். காட்ட முடியலைன்னா இந்த மென்பொருளை எந்தத் தொகுப்பும் தொடாது. திருடன்ங்கற பேரும் உங்களுக்கே நிற்கும்.

— அவ்வளவுதானுங்களா? இருங்க, அக்காளுக்குப் போன் போடறேன். ஸ்பீக்கர்லயே பேசறேன், நீங்களும் கேளுங்க... அக்கா, சுரேந்தரு பேசறேன். கொக்கி ஒடைஞ்ச தறியை ஒரு அம்மணிக்குக் காட்டோணும். இப்பக் கெளம்பி வாரோம்.

— அதையா சாமி? தீவாளிக்கு முந்தியே வித்துப்போட்டனே. நீ இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாத்தான தெரியும்!

— வித்துப்போட்டியா? பழைய இரும்புக்கா?

— இரும்புக்கு எதுக்குப் போடறேன்? யாரோ டிசைன் கம்பெனிக்காரங்களாமா, லாரியோட வந்தாங்க. பக்கத்துல நல்லா ஓடற தறி நிக்குது, அதைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

— அக்கா, நான் மிஸ்பா பேசறேங்க. கொக்கி உடைஞ்சிருக்குன்னு அவங்களுக்குத் தெரியுமா?

— மறைச்சு விக்கறவளா நானு? ஒண்ணு ஒடைஞ்சிருக்குது, புதுசு மாட்டித் தாரேன்னுதான் சொன்னேன். ‘ஐயோ, அதை மட்டும் தொட்டுறாதீங்க’ன்னு பதறிப்போட்டாங்க கண்ணு.