தேறின உடம்பு

உளுந்தங்கஞ்சி காய்ச்சுவதில் பண்பொழியில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, மேடம். கருப்பட்டிப் பாகைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். என் மனைவி சங்கரேஸ்வரி ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாள்.

எனக்குத் தொழில் பன்றிப் பண்ணை. குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் ஓட்டல் மிச்சமெல்லாம் என் தொட்டிக்குத்தான் வரும். பரோட்டாவும் எண்ணெயும் தின்ற பன்றிக்குக் கொழுப்பு தளர்ந்து கையில் ஒட்டும். தவிடும் புண்ணாக்கும் போட்டால் இறுகும், ஆனால் மெதுவாகத் தேறும். எனக்குப் பொறுமை கம்மி. ஸ்டீராய்டு என்கிற ஹார்மோன் மாத்திரையைப் பொடித்துத் தீவனத்தில் கலந்தேன். மளமளவென்று ஊதின. அந்தக் கறி சட்டியில் தண்ணீர் விட்டுச் சுண்டிப்போகும் என்பது வேறு விஷயம். எடை போடும்போது அது யாருக்கும் தெரியாது.

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தோம். பொங்கல் பானையைச் சுற்றி அத்தனை சொந்தக்காரர்களும் நிற்க, என் மைத்துனன் மாரிச்செல்வம் கேட்டான்.

"என்ன அத்தான், பன்னியெல்லாம் நல்லாத் தேறுது. எங்க அக்காவ மட்டும் தேத்த மாட்டேங்கீரே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாளிலிருந்து கஞ்சியை நானே காய்ச்சினேன்.

ஆடி பிறக்குமுன் அவள் கன்னம் உப்பி, முகம் வட்டமாகிவிட்டது. "எந்தப் புருசன் இப்படிக் கஞ்சி காச்சிக் குடுப்பான்?" என்று பக்கத்து வீட்டு ஆவுடைத்தாயிடம் பெருமை பேசினாள். அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு, தொட்ட இடமெல்லாம் கன்றியது. உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. என் பன்றிகளும் அப்படித்தான், பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிடும். உடனே வியாபாரி ஜோயலுக்குப் போன் போட்டுவிடுவேன்.

மாரிச்செல்வம் அவளைப் பார்த்துப் பதறினான். "தென்காசிக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் டெஸ்ட் எடுக்கணும். திங்கக்கெழம கார் கொண்டாரேன்" என்றான்.

ரத்தத்தில் பொடி இருந்தால் நான் தேற்றிய லட்சணம் ஊருக்குத் தெரிந்துவிடும். பன்றியை வண்டியேற்றுமுன் மருந்தை நிறுத்துவது எங்கள் வழக்கம். அப்படியே நிறுத்தினேன். சட்டென்று நிறுத்தினால் சில பன்றிகள் சுருண்டு படுத்துவிடும், எழாது. அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் ஜோயல் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

"இன்னைக்குத்தான் கஞ்சி கசக்காம இருக்கு" என்றாள் அவள். அதுவரை கசந்ததை என்னிடம் சொன்னதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாந்தியெடுத்தாள். திங்கட்கிழமை கண்ணைத் திறக்கவில்லை. சாரலில் ரோடெல்லாம் சீசன் கூட்டம் என்று மாரிச்செல்வத்தின் கார் மதியம்தான் வந்தது. அப்போது அவள் உடம்பில் சூடு மட்டும்தான் மிச்சம்.

கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன், மேடம். இனி மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டு விசாரியுங்கள். ஜோயல் வண்டி ஒருநாளும் இப்படிப் பிந்தியதில்லை.