செத்த தூக்கம்

ஃபெரெட்டுக்கு மாத்திரை கொடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை, டாக்டர். பொடித்து, சால்மன் எண்ணெயில் குழைத்து, விரலை நீட்டினால் தானாகவே நக்கிவிடும். பில்பெரி ஒருநாளும் என்னைக் கடித்ததில்லை. கடைசி நாளிலும் கடிக்கவில்லை.

முயல் வளைக்குள் விட்டு முயல் பிடிக்க அப்பா வளர்த்தது அது, கீரிபோல நீண்ட ஒல்லி உடம்பு. அவர் போனபிறகு அக்கா லோர்னாவின் மடியே அதற்கு வீடு. வயதாகி இதயம் வீங்கிவிட்டது, நுரையீரலில் நீர் கோக்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நீர் இறங்க மாத்திரை, உப்பு அறவே கூடாது, தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும், அலைச்சல் ஆகாது. அக்கா ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவாள். நான் வாயைத் திறந்தாலே வகுப்பு சிரித்ததால் பள்ளியை விட்டவள். அக்காவையும் இப்போது உங்களையும் தவிர யாரோடும் பேசுவதில்லை. வீட்டில் இருப்பவள் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது.

அக்காவுக்கு நிச்சயமாகியிருந்த வில்ஃபுக்குக் கடற்கரை ஊரான விட்பியில் படகு வேலை கிடைத்தது. உடனே வந்துவிடு என்றான்.

"இவன் இப்படி இழுத்துக்கிட்டு கெடக்கறப்போ நான் எங்க வர்றது?" என்றாள் அக்கா.

"அதானே. எனக்குப் போட்டியா ஒரு மீசக்காரன மடியில வச்சிருக்கியே."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு வேண்டியது அக்காவின் பதிலில் இருந்தது.

அக்கா பெட்டி கட்டத் தொடங்கும் நாட்களில் மாத்திரையைத் தவிர்த்தேன். பன்றியிறைச்சி வேகவைத்த உப்புத் தண்ணீரை விரலில் தொட்டுக் கொடுத்தேன். அன்று மாலையே அதற்கு மூச்சிரைக்கும். கட்டிய துணிகளை அக்கா பிரித்துவிடுவாள். நான் அதைக் கொல்ல நினைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். செத்தால் அக்கா போய்விடுவாள். தேறினாலும் போய்விடுவாள். இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்க நிதானம் வேண்டும். மூச்சைத் தவறாமல் எண்ணினேன். நீங்களே என்னைப் பாராட்டினீர்கள்.

பிறகு நீங்கள் மருந்தைக் கூட்டினீர்கள். நல்ல பெட்டியில் வைத்து விட்பிக்கு மெதுவாகக் கொண்டுபோகலாம் என்றும் சொல்லிவிட்டீர்கள். வில்ஃப் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டி ஒன்றைத் தானே செய்து எடுத்து வந்தான். மோசமான பையன் என்று சொல்ல மாட்டேன்.

அவர்கள் கிளம்பும் நாள் காலை மாத்திரை கொடுக்கவில்லை. உப்புத் தண்ணீரை ஒரு தட்டு நிறைய வைத்தேன்.

ஃபெரெட் வளர்ப்பவர்களுக்கெல்லாம் செத்த தூக்கம் தெரியும். தூக்கினால் ஈரத் துணிபோலத் தொங்கும், உலுக்கினாலும் விழிக்காது. புதியவர்கள் பதறுவார்கள். பழகியவர்கள் சிரிப்பார்கள். அக்கா பிறந்ததிலிருந்து பழகியவள்.

"பாருடி, ஊருக்குக் கெளம்புற நாள்ல தொரை தூங்குற அழக," என்றாள்.

"காதுகிட்ட பேண்டு வாசிச்சாலும் எந்திரிக்க மாட்டான்," என்றான் வில்ஃப்.

நான் உதட்டை விலக்கிப் பார்த்தேன். தூக்கம் என்றால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். சாம்பல் நிறமாக இருந்தது. மூச்சும் மேலோட்டமாகத்தான் வந்தது. அந்த நேரத்தில் உங்களிடம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கலாம், இல்லையா?

"ஏண்டி ஹெட்டி, தூங்கத்தானே செய்றான்?" என்று அக்கா கேட்டாள். என் வார்த்தையை அவள் நம்புவாள்.

"செத்த தூக்கம்க்கா. எழுப்பாத. அப்படியே பெட்டில போட்டுக் கொண்டுபோ."

வீட்டில் செத்தால் அது நோயின் சாவு. வில்ஃபின் வண்டியில், வில்ஃபின் பெட்டியில் செத்தால் அது வில்ஃபால் வந்த சாவு. வழியில் மேட்டு நிலத்தைத் தாண்டுவதற்குள் அதன் மூச்சு நின்றுவிட்டது. அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அவனிடம் சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் கடைக்கும் போவதில்லை. "தூங்குறான்னு நெனச்சு நானே கொன்னுட்டேன்டி," என்று என் தோளில் சாய்ந்து அழுகிறாள். நான் தலையைத் தடவிக் கொடுக்கிறேன். தப்பு உன்னுடையது இல்லை என்றும் சொல்கிறேன், அவள் நம்பாத குரலில்.

நீங்கள் அதன் உடலை அறுத்துப் பார்த்துவிட்டீர்கள், மறைப்பதில் பொருளில்லை. நான்தான் செய்தேன். ஆனால் அக்காவிடம் சொல்லாதீர்கள். வில்ஃப் போய்விட்டான், பில்பெரி போய்விட்டது. பாவம், அவளுக்கென்று மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். அதையும் பறிப்பது கொடுமை, டாக்டர்.