மூன்றாவது கேள்வி

கட்டுரைச் சுருக்கம் இருநூறு சொற்களைத் தாண்டக்கூடாது என்பது அந்த ஆய்விதழின் விதி. நான் ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. குழந்தைகள் இல்லங்களின் பராமரிப்பைப் பற்றி மட்டுமே வெளியிடும் இதழ் அது. ஒன்பது வருடங்களில் ஐந்து கட்டுரைகள் அனுப்பினேன். ஐந்தும் போன வேகத்தில் திரும்பி வந்தன. கடைசியில், போனால் போகிறதென்று என்னை மதிப்பீட்டாளராகப் போட்டார்கள். உன் சமையல் வாயில் வைக்க விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் சமையலை ருசி பார்க்க உட்காரவைத்த மாதிரி.

நீங்கள் விசாரணைக்கு வந்தவர். இந்தப் புராணம் எதற்கென்று நினைக்கலாம். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. அதனால்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த இதழில் எழுதியவர் யாரென்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியாது. மதிப்பிட்டது யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். போன ஆண்டு எனக்கு வந்த ஒரு கட்டுரையில், இரண்டாம் பக்கத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துகொண்டேன். நான் கண்காணிப்பாளராக இருக்கும் இதே இல்லத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலைவாரிவிடுகிறவள். பிள்ளைகள் அவளை அத்தை என்பார்கள். முனைவர் பட்டம் வாங்கிய என்னை மேடம் என்பார்கள்.

கட்டுரை பட்டாணியைப் பற்றியது. ஏழு வயது, ஆள் பொடிசு என்பதால் அந்தப் பெயர். இங்கே வந்து இரண்டு வருடம் வாயே திறக்காதவள். நான் படம் காட்டினேன், பொம்மை கொடுத்தேன், வாரம் இருமுறை என் அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தை ஒன்றுமே கேட்கவில்லை. தினமும் மாலை, பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும், காய்ந்து வந்த காலுறைக் கூடையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே நீலத்தோடு சாம்பல் நிறத்தைச் சேர்த்துச் சுருட்டுவாள். பத்தொன்பதாம் நாள் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"அது இதோட ஜோடி இல்ல, அத்தை."

அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. மாலை நேரத்தில் அவர்கள் இருவரும் சிரிப்பது என் அறை ஜன்னல் வரை கேட்கும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்ப்பேன்.

பன்னிரண்டு பக்கங்கள். அடிக்குறிப்புகள் எல்லாம் தப்புத்தப்பாக இருந்தன. ஆனாலும் படித்து முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வயிறு எரிந்தது என்று சொன்னால் அது வெறும் பேச்சு இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினேன். முதல் இரண்டும் அடிக்குறிப்புகள் பற்றியவை. மூன்றாவது இது: குழந்தை பேசியது அந்த முறையாலா, ஒரே ஆளோடு ஒட்டிக்கொண்டதாலா? அந்த ஆள் இல்லாதபோதும் பேசுகிறாள் என்று கட்டுரையாளர் காட்ட வேண்டும். நியாயமான கேள்வி. இன்றைக்கும் அதைத்தான் கேட்பேன்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடிதத்தோடு அவள் என்னிடமே வந்தாள். படிப்பு விஷயத்தில் யோசனை கேட்க அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? யாரோ விஷயம் தெரிந்த பெரியவர் கேட்டிருக்கிறார் என்று சொல்லி, நான் எழுதியதை எனக்கே விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் நம் இன்னொரு இல்லத்துக்கு மூன்று மாதம் போய்வா என்றேன். பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளாமல் போ, சொன்னால் ஆய்வு கெட்டுவிடும் என்றேன். அவள் கடிதத்தை நான்காக மடித்தாள்.

"கட்டுரையே வேணாம், மேடம். அவ பேசுறா. எனக்கு அது போதும்."

அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். நான் ஒன்பது வருடம் தவம் கிடந்த வாசலை அவள் எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று திரும்பிவிட்டாள். மறுவாரம் அவளுடைய இடமாற்ற ஆணையில் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் நிர்வாக வசதி என்று எழுதினேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வண்டி வரவழைத்தேன்.

தினமும் போன் செய்தாள். பட்டாணியிடம் ஒரு நிமிஷம் கொடுங்கள் என்பாள். நன்றாக விளையாடுகிறாள், உன்னைத் தேடவே இல்லை என்பேன். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

பட்டாணியும் பேச்சை நிறுத்தினாள். மாலையானால் கூடையருகில் போய் உட்காருவாள். நானும் போய் உட்கார்ந்தேன். நீலத்தோடு சாம்பலைச் சேர்த்துச் சுருட்டினேன். நான்கு நாள் அப்படிச் செய்தேன். அவள் என் கையைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் கூடையை அங்கிருந்து எடுத்துவிடச் சொன்னேன். அதன்பின் அவள் சாப்பாடும் குறைந்தது. எல்லாவற்றையும் தேதிவாரியாகக் குறித்துவைத்தேன், உடல் எடை உட்பட.

என் ஆறாவது கட்டுரை அதிலிருந்து வந்ததுதான். குழந்தை ஒரே பராமரிப்பாளரைச் சார்ந்திருப்பதன் ஆபத்தைப் பற்றியது. மதிப்பீட்டாளர்கள் இருவரும் ஒரு திருத்தமும் கேட்கவில்லை. இதழ் என் கைக்கு வந்த அன்று பட்டாணி மருத்துவமனையில் இருந்தாள். மூக்கில் குழாய் போட்டு உணவு கொடுத்தார்கள்.

அத்தை இப்போது அங்கேதான் இருக்கிறாளாம். அவளைக் கண்டாலே பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறதாம். மருத்துவருக்கும் காரணம் புரியவில்லையாம். எனக்குத் தெரியும்.

பிரிந்த நாளிலிருந்து குழந்தை ஒரு சொல்லும் பேசவில்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறேன். அது உண்மையில்லை. அத்தை போன மூன்றாம் நாள் பட்டாணி தானாகவே என் அறைக்கு வந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேடம், அத்தை எப்ப வருவாங்க?" என்று தெளிவாகக் கேட்டாள். என் மூன்றாவது கேள்விக்கு அதுதான் பதில். அத்தையின் முறை சரியானதுதான்.

"அத்தைக்கு நீ வேணாமாம். அதான் சொல்லாமப் போயிட்டாங்க" என்றேன்.

ஒரு சொல்லும் பேசவில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லி ஆசிரியருக்கு நேற்றே எழுதிவிட்டேன். மற்றபடி என் கட்டுரையில் குறை ஒன்றுமில்லை.