கப்பல் குளியலுக்கு ஒரு ஜெபமாலை

"நான் பினாங்குக்கு வரலை. விராலிமலையில எறங்கிக்கிறேன்."

இலுப்பூரிலிருந்து திருச்சிக்குப் போகும் பஸ். சன்னல் வழியே ஏறிய செம்மண் எல்லோர் மடியிலும் உட்கார்ந்திருந்தது. முன் சீட்டில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, கப்பலேறக் கிளம்பிய பெற்றோருக்கு நடுவில்; அண்ணன்கள் இருவரும் பின் சீட்டில்.

"ஏந்தாயி?" என்றார் அப்பா.

"கப்பல்ல ஏழு நாளு ஒரே ரூமு. நீங்க, அண்ணனுங்க ரெண்டு பேரு. குளிக்கிற எடத்துக்குக் கதவே இல்லை, துணித் திரைதான்னு நீங்கதானே சொன்னீங்க!"

அம்மா கழுத்து ஜெபமாலையைத் தொட்டாள். "நீ உள்ள போனதும் இவுக மூணு பேரையும் செவத்தப் பாத்து முட்டி போடவச்சு, ஜெபமாலை சொல்லவைக்கிறேன். அம்பத்து மூணு மணியும் முடியாம எவன் எந்திரிப்பான்?"

"தலைக்கு ஊத்துற அன்னைக்கு அது பத்தாதே?"

"மாதா பிரார்த்தனையையும் சேத்துக்குவோம்."

"அடியே, பினாங்குல எறங்கி நான் நடக்க வேணாமா?" என்று அப்பா அலறினார். பஸ்ஸே சிரித்தது.

விராலிமலை வந்தது. கண்டக்டர் கதவைத் திறந்து பிடித்தார். அவள் எழவில்லை.

"முட்டிக்கு ஒரு தலகாணி எடுத்துக்கங்கப்பா," என்றாள். "நான் மெதுவாத்தான் குளிப்பேன்."