பாதி மாத்திரை

“அக்கா, அந்தப் புது மாத்திரையில தினமும் பாதியை அடுத்த காம்பரா செல்லம்மாவுக்குக் குடுத்துட்டு வந்தேன்.”

நானுஓயாவில் கொழும்பு ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸுக்காக என் பக்கத்தில் நின்ற இரண்டு தோட்டத்துப் பெண்களில் இளையவள் சொன்னாள்.

“அடிப் பாவி! கர்ப்பப்பைப் புத்துநோய்க்கு அந்த மருந்து கேக்குதான்னு பார்க்கத்தானே டாக்டர் ஒனக்குக் குடுத்தாரு?”

“அவளுக்கும் இதே நோவுதானேக்கா. ஒரே லயத்துல ஒட்டுன வீட்டுல இருந்துக்கிட்டு நான் மட்டும் எப்படி முழுங்குறது?”

“இன்னைக்கு டாக்டர் என்னடி சொன்னாரு?”

“மருந்து கேக்கலையாம். இனிமே யாருக்குமே குடுக்க மாட்டாங்களாம்.”

மூத்தவள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

“பாதிதான் தின்னேன்னு சொன்னியா?”

“ஏசுவாருன்னு சொல்லலக்கா.”

பஸ் வந்தது. மூத்தவள் அவள் கையைப் பிடித்து, கொழும்புக்குத் திரும்பும் ரயிலைப் பிடிக்க மறுபடி ஸ்டேஷனுக்குள் இழுத்துக்கொண்டு ஓடினாள்.